மேய்ச்சல் மாடும் ஈர நிலத்துப் பறவையும்



வயல் வரம்பிலோ குளக்கட்டிலோ நடந்து போகும்போது, தலைக்கு மேலே வட்டமிட்டு, வாய் ஓயாமல் கத்தி, உங்களை விரட்டிக்கொண்டே வரும் ஒரு பறவையைக் கட்டாயம் கண்டிருப்பீர்கள். ஆட்காட்டி என்று அதனைச் சொல்வோம். ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் வந்த பெயர் அது. இரவில் அது கத்தினால், "யாரோ வருகிறார்கள்" என்று நமது மூத்தம்மாமார் விளக்கைத் தூண்டிவிட்டு வாசலை எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தப் பறவை ஏன் அப்படிக் கத்துகிறது என்று என்றாவது யோசித்தீர்களா? அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில் சிறு பள்ளம் ஒன்றைப் பறித்து, அதிலே பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகின்றது. முட்டையின் நிறமும் புள்ளியும் மண்ணையும் கல்லையும் போன்றவை. பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. கூரையில்லை, சுவரில்லை, கதவில்லை. கத்துவது ஒன்றே அந்தத் தாயிடம் உள்ள ஆயுதம்.

இந்தப் பறவையை எனக்கு நினைவூட்டியவர் ஒரு தாய். எனது மாணவன் ஒருவனின் உம்மா. எருமைப் பாலில் தயிர் உறைய வைத்து, சட்டி சட்டியாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்:

"மௌலவி, மாடு மேஞ்சா நிலம் பாழாப் போகும், பறவையெல்லாம் இல்லாமப் போகும் என்று புள்ள படிச்சிட்டு வந்து சொல்றான். அப்ப எங்கட எருமைய குளத்துப் பக்கம் விடுறது பிழையா?"

உடனே எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "கொஞ்சம் பார்த்துச் சொல்கிறேன், ராத்தா" என்று மட்டும் சொன்னேன். அவருக்காகத் தேடி வாசித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அளவுக்கு மிஞ்சி மேய்ந்தால் நிலம் பாழாகும் என்பது உண்மை. ஆனால் மாடே இல்லாமற் போனாலும் சில நிலங்கள் பாழாகும் என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மையை உலகம் பெரும் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

ஈரப் புல்வெளி என்பது என்ன?

மழைக்காலத்தில் நீர் நிற்கும். பிறகு மெல்ல மெல்ல வடியும். வடிந்த பின்பும் மண் நெடுநாள் ஈரமாக இருக்கும். அங்கே புல் முளைக்கும். இதுதான் ஈரப் புல்வெளி. ஆற்றோரத் தாழ்நிலங்களிலும் கடலோரச் சதுப்புகளிலும் இதனைக் காணலாம். நமது மகாவலி கங்கையின் வெள்ளச் சமவெளியில் உள்ள வில்லுகளும், கோடையில் வற்றும் குளங்களின் உட்புறமும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஐரோப்பாவில் இத்தகைய நிலத்தை நம்பி ஒரு பறவைக் கூட்டமே வாழ்கின்றது. நமது ஆட்காட்டியின் உறவான கொண்டை ஆட்காட்டி, செங்கால் உள்ளான், விசிறிவால் உள்ளான், கருவால் மூக்கன் என்பவை அவற்றுள் முக்கியமானவை. நான்கும் தரையிலேயே கூடு வைப்பவை. நான்கும் வழக்கமாக நான்கு முட்டைகளே இடுபவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு.

கொண்டை ஆட்காட்டிக்குக் குட்டைப் புல் வேண்டும். அடைகாக்கும்போதே நாலா பக்கமும் பார்வை போக வேண்டும்; நரியும் காகமும் தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும். செங்கால் உள்ளான் புல் கற்றை ஒன்றுக்குள் ஒளிந்து அடைகாக்கும். ஆகவே குட்டைப் புல்லுக்கிடையே அங்கங்கே கற்றைகள் வேண்டும். விசிறிவால் உள்ளானின் அலகு நீளமானது. மண்ணுக்குள் அதனைச் செலுத்திப் புழுவைத் தேடுவதால், கோடை தொடங்கும் வரை நிலம் மெதுமெதுப்பாக இருக்க வேண்டும். கருவால் மூக்கனின் குஞ்சுகளோ சற்று உயர்ந்த புல்லிலும் பூண்டுகளிலும் உள்ள பூச்சிகளைத் தின்று வளர்பவை.

இந்தக் குஞ்சுகளைப் பற்றி ஒரு செய்தி. கோழிக்குஞ்சைப் போல, பொரித்த ஓரிரு நாளிலேயே கூட்டை விட்டு வெளியேறித் தம் காலால் நடந்து இரை தேடுபவை இவை. பெரும்பாலும் தாய் வாயில் ஊட்டுவதில்லை. தாய் வழிகாட்டும், எச்சரிக்கும், குளிரில் இறகுக்குள் அணைத்துக்கொள்ளும், அவ்வளவே. கொண்டை ஆட்காட்டி ஏறத்தாழ 4 வாரம் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் 5 வாரம் அளவில் எடுக்கும். ஆக, இரண்டு மாதத்துக்கும் மேலாக அந்தக் குடும்பத்தின் உயிர் தரையிலேயே தங்கியிருக்கின்றது.

இவ்வளவு நுட்பமான தேவைகளையும் ஒரே நிலத்தில் யார் அமைத்துக் கொடுப்பது? பல நூற்றாண்டுகளாக அந்த வேலையைச் செய்து வந்தவை மாடுகள்.

நிலம் மாறிய கதை

இரண்டாம் உலகப் போரில் பசியைக் கண்ட ஐரோப்பிய நாடுகள், போர் முடிந்ததும் உணவு உற்பத்தியைப் பெருக்குவதில் முழு மூச்சாக இறங்கின. அது குற்றமல்ல. பசித்த வயிற்றுக்கு முன்னால் பறவை பெரிதாகத் தெரியாது. ஆனால் அதற்காகச் செய்தவை மூன்று.

முதலாவது, நிலத்தின் நீரை வடித்தார்கள். ஆழமான வாய்க்கால் வெட்டி, இயந்திரத்தால் நீர் இறைத்தார்கள். நிலம் காய்ந்து இறுகியது. புழு ஆழத்துக்குப் போனது. அலகு இறங்காத மண்ணில் உள்ளானுக்கு என்ன வேலை?

இரண்டாவது, இரசாயனப் பசளை இட்டார்கள். புல் முன்னதாகவே, அடர்த்தியாக, ஒரே உயரத்தில் வளர்ந்தது. மாட்டுக்கு நல்ல தீனிதான். ஆனால் அந்த அடர்ந்த ஈரப் புல்லுக்குள் சின்னஞ்சிறு குஞ்சு நடக்க முடியாமல் நனைந்து விறைத்தது.

மூன்றாவது, புல்லை முன்கூட்டியே வெட்டினார்கள். முன்பு கோடையில் வெட்டி உலர்த்துவார்கள். பிறகு பச்சையாகவே சேமிக்கும் முறை பரவியதால், வெட்டும் காலம் மே மாதத்துக்கு வந்துவிட்டது. அது முட்டையும் குஞ்சும் தரையில் இருக்கும் காலம்.

விளைவு என்ன? கருவால் மூக்கனை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் இதன் தலையாய தாயகம் நெதர்லாந்து. 1960களில் அங்கே இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் கூடு வைத்தன. இன்று அதில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. 2015ஆம் ஆண்டு அந்நாட்டு மக்கள் இதனைத் தமது தேசியப் பறவையாகத் தெரிந்தெடுத்தார்கள். வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு விருந்து வைத்தது போன்ற செயல் அது.

இந்த இனம் நமக்கும் அந்நியமல்ல. வடக்கே கூடு வைக்கும் கருவால் மூக்கன்கள் குளிர்காலத்தில் மன்னார்ப் பகுதிக்கு வருகின்றன. அங்குள்ள வங்காலை சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஹால்வர்கேட் சொன்ன பாடம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நோர்போக் பிரதேசத்தில், கிரேட் யார்மவுத் நகருக்கு அருகே ஹால்வர்கேட் என்ற பரந்த மேய்ச்சல் சதுப்பு உள்ளது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மட்டமான புல்வெளி. குறுக்கும் நெடுக்குமாக நீர் வாய்க்கால்கள். அந்த வாய்க்கால்களே மாட்டுக்கு வேலி. தனியாகக் கம்பி வேலி தேவையில்லை. நடு நடுவே, முன்னாளில் நீர் இறைத்த காற்றாலைகள் நிற்கும்.

1980களின் தொடக்கத்தில் அங்கே பெரும் பிரச்சினை எழுந்தது. அன்றைய ஐரோப்பியப் பொதுச் சந்தையில் கோதுமைக்கு நல்ல விலை. நீரை வடிப்பதற்கு அரச மானியம் வேறு. மாடு வளர்ப்பதில் வரும் வருமானமோ சொற்பம். "புல்லை உழுது கோதுமை விதைப்போம்" என்று விவசாயிகள் முடிவு செய்தார்கள். இயற்கையை நேசிப்போர் எதிர்த்தார்கள். 1984இல் உழவு இயந்திரத்தின் முன்னால் போராட்டம் நடத்தும் அளவுக்கு விவகாரம் முற்றியது.

சகோதரிகளே, இங்கே நின்று நிதானியுங்கள். விவசாயியின் பக்கம் நியாயம் இல்லையா? அவருக்கும் பிள்ளைகள் உண்டு, கடன் உண்டு. ஒரு கையால் அரசாங்கம் "உழு" என்று பணம் கொடுக்கின்றது. மறு பக்கத்தில் ஊரார் "உழாதே" என்று தடுக்கிறார்கள். நட்டத்தை யார் பொறுப்பது?

1985இல் ஒரு நல்ல வழி பிறந்தது. புல்லை உழாமல், அளவோடு மாடு மேய்த்து, பசளையை மட்டுப்படுத்தி நிலத்தைக் காக்கும் விவசாயிக்கு ஏக்கருக்கு 50 பவுண் வீதம் வருடாந்தம் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் விருப்பத்துடன் சேர்ந்தார்கள். தண்டிப்பதற்குப் பதிலாகக் கூலி கொடுத்தார்கள், பகை தணிந்தது. இதுவே முன்மாதிரியாகி, 1986ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் இடம் பிடித்து, 1987 முதல் நாட்டின் வேறு பகுதிகளுக்கும் பரவியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. புல் தப்பியது, நிலம் மட்டும் காய்ந்தபடியே இருந்தது. புல்லைக் காத்தால் மட்டும் பறவை வந்துவிடாது என்பதைக் கண்டுகொண்டார்கள். ஆகவே, நீர்மட்டத்தை உயர்த்த இணங்கும் விவசாயிக்கு மேலதிகக் கொடுப்பனவு ஏற்படுத்தினார்கள். துரிசைத் திறந்து நீரை ஓடவிடுவதற்குப் பதிலாக மூடித் தேக்கினார்கள். புல்வெளிக்குள் ஆழமில்லாத சிறு வாய்க்கால்களைத் திருத்தி, இளவேனில் முழுவதும் அங்கங்கே நீர் தேங்கச் செய்தார்கள். அந்த நீரோரச் சேற்றில் பூச்சி பெருகியது. குஞ்சுகளுக்கு அதுவே சோற்றுச் சட்டி. ஹால்வர்கேட்டின் ஒரு பகுதியான பேர்னி சதுப்பில், பறவைப் பாதுகாப்புச் சங்கமே நிலத்தை வாங்கி, நீரைத் தேக்கி, கோடையில் மாடுகளை மேயவிட்டு, கொண்டை ஆட்காட்டிக்கும் செங்கால் உள்ளானுக்கும் மீண்டும் இடம் அமைத்தது.

நீர் வந்தால் எல்லாம் சரியா? அதற்கும் அளவு உண்டு. அதே கிழக்கு இங்கிலாந்தில் ஊஸ் ஆற்று வெள்ளச் சமவெளி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட இரண்டு செயற்கை ஆறுகளுக்கு இடையிலான நிலம் அது. மாரியில் வெள்ளத்தைத் தாங்கும். கோடையில் மாடு மேயும். இங்கிலாந்தில் கூடு வைப்பதை விட்டிருந்த கருவால் மூக்கன் 1952இல் திரும்பி வந்து கூடு வைத்தது இங்கேதான். ஆனால் 1970களிலிருந்து இளவேனிலிலும் வெள்ளம் ஏறத் தொடங்கியது, முட்டைகள் மூழ்கின. இன்று பிரித்தானியாவில் மிஞ்சியிருப்பவை சில பத்து ஜோடிகளே. 2017இல் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து, கருவியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைப் பறக்கும் பருவம் வரை வளர்த்து விடத் தொடங்கினார்கள். பாருங்கள், மாடும் நீரும் இலவசமாகச் செய்து வந்த வேலையை மனிதன் முட்டை முட்டையாகச் செய்ய வேண்டியதாயிற்று.

மாடு செய்யும் வேலை

மாடு எப்படிப் பறவைக்கு உதவுகின்றது? நுட்பத்தைக் கவனியுங்கள்.

மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பல் இல்லை. நாக்கைச் சுழற்றிப் புல்லைப் பற்றி இழுத்தே மேயும். ஆகவே மண்ணோடு மண்ணாக அறுப்பதில்லை. ஓரிடம் குட்டையாகவும் ஓரிடம் கற்றையாகவும் விட்டுச் செல்லும். தன் சாணம் கிடக்கும் இடத்தைச் சுற்றிய புல்லை அது விரும்பாது. அங்கே கற்றை வளரும். ஆட்காட்டிக்குக் குட்டைப் புல், செங்கால் உள்ளானுக்குக் கற்றை. இரண்டும் ஒரே மேய்ச்சலில் அமைந்துவிடுகின்றன. செம்மறியாடோ அடியோடு கத்தரித்தாற்போல் மேயும். நிலம் விரித்த பாயாகிவிடும். ஆகையால் ஈரப் புல்வெளிக்கு ஆட்டை விட மாடே உகந்தது என்பது அனுபவமுள்ளோரின் கருத்து.

மாட்டின் குளம்பு பதிந்த இடத்தில் சிறு குழி விழும், நீர் நிற்கும், பூச்சி முட்டையிடும். சாணத்தில் வண்டும் புழுவும் பெருகும். இங்கே ஒரு எச்சரிக்கை. மாட்டுக்குக் கொடுக்கும் சில பூச்சி மருந்துகள் சாணத்தோடு வெளியேறி, சாணத்தில் வளரும் வண்டுகளையும் கொல்கின்றன. ஆகவே மருந்து கொடுப்பதானால், தேவையான மாட்டுக்குத் தேவையான நேரத்தில் மட்டும், மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி கொடுப்பதே நல்லது.

மாடு வராவிட்டால் என்ன நடக்கும்? முதல் வருடம் புல் உயரும். அடுத்தடுத்த வருடங்களில் கோரையும் நாணலும் பிடிக்கும். பிறகு பற்றை, பிறகு மரம். மரம் வந்தால் காகம் உட்கார்ந்து கூட்டை நோட்டமிட இடம் கிடைத்துவிடும். திறந்த வெளியை நம்பிய பறவை அங்கே தங்காது.

எத்தனை, எப்போது?

அப்படியானால் எவ்வளவு மாட்டையும் எப்போதும் விடலாமா? கூடாது. தரையில் முட்டை இருக்கும் காலத்தில் மாடு நெருக்கமாக நின்றால் முட்டை மிதிபடும். தாய்ப்பறவை எவ்வளவு கத்தினாலும் மாடு ஆளல்லவே, வெட்கப்பட்டு விலகிப் போக! நெதர்லாந்தில் செய்த ஆய்வுகளிலிருந்து, அமைதியாக மேயும் கறவைப் பசுவை விட, துள்ளித் திரியும் இளம் மாடுகளாலேயே கூடுகள் அதிகம் மிதிபடுகின்றன என்று தெரிய வந்தது. மாடு வளர்க்கும் உங்களுக்கு அது ஆச்சரியமாக இராது.

ஆகவே அவர்கள் பின்பற்றும் ஒழுங்கு இதுதான்:

ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதாவது கூட்டுக் காலத்தில், மிகக் குறைவாக மேய்ப்பது. பொதுவாக ஒரு ஹெக்டேயருக்கு ஒரு மாடு, அல்லது அதிலும் குறைவு.

குஞ்சுகள் பறந்த பின், ஜூலையிலிருந்து இலையுதிர் காலம் வரை, மாட்டைக் கூட்டி நன்றாக மேயவிடுவது. இப்போது மேய்ந்தால்தான் அடுத்த மார்ச்சில் பறவை திரும்பும்போது புல் குட்டையாக இருக்கும். அறுவடைக்குப் பின் விதைநெல்லைப் பத்திரப்படுத்துவது போல, அடுத்த வருடக் கூட்டுக்கான நிலம் இந்த வருட இலையுதிர் காலத்திலேயே தயாராகின்றது.

புல் வெட்டுவதாயின், குஞ்சுகள் பறக்கும் வரை பொறுத்து வெட்டுவது.

நிலம் சேறாகிக் குழம்பும் அளவுக்கு நனைந்திருந்தால் மாட்டை வெளியேற்றுவது.

ஆக, மாடு வேண்டும். ஆனால் அளவும் வேண்டும், காலமும் வேண்டும்.

பரத்பூரில் நடந்தது

இப்போது நமது அயல்நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் நகருக்கு அருகே கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீற்றர். முன்பு மன்னர் குடும்பத்தின் வாத்து வேட்டைக் களமாக இருந்த இடம். 1938ஆம் ஆண்டு நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது, ஒரே நாளில் 4,000க்கும் அதிகமான பறவைகள் சுடப்பட்டன என்று அங்குள்ள கல்வெட்டு இன்றும் சொல்கிறது. பின்னர் அது பறவைகளின் புகலிடமாகி, 1981இல் ராம்சார் ஈரநிலமாகவும், 1985இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது.

அங்கே சுற்றுக் கிராமத்து ஏழைகளின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்தன. தேசியப் பூங்கா என்றானதும் 1982இல் மேய்ச்சலை முற்றாகத் தடை செய்தார்கள். மாற்று வழி எதுவும் கொடுக்காமல் வழியை அடைத்ததால் கிராமத்தவர் கொதித்தெழுந்தார்கள். மோதல் மூண்டது. பொலிஸார் சுட்டார்கள். உயிர்கள் போயின. பால் கறந்து பிழைத்த குடும்பங்களில் ஓலம் எழுந்தது.

பறவையாவது நன்மை பெற்றதா? பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 1980 முதல் 1990 வரை அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். எருமை போன பிறகு நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் பரவியது. திறந்த நீர்ப்பரப்பு மூடிக்கொண்டது. வாத்து நீந்த இடமில்லை, மீனுக்கும் கேடு. எருமை மேய்ச்சலே அந்த ஈரநிலத்தைத் திறந்து வைத்திருந்தது என்பதே ஆய்வின் முடிவு. தடையை நியாயப்படுத்த உதவும் என்று எதிர்பார்த்த ஆய்வு, தடை பிழை என்று காட்டியது. பிறகு கிராமத்தவரைக் கையால் புல் வெட்டிச் செல்ல அனுமதித்தார்கள். ஆனாலும் எருமை நீருக்குள் இறங்கி மேய்ந்த வேலையைக் கத்தியால் முழுமையாகச் செய்ய முடியவில்லை.

எல்லாக் குறையையும் அந்தத் தடையின் தலையில் போடுவதும் நீதியல்ல. மேலே கம்பீர் ஆற்றில் பாஞ்சனா அணை கட்டப்பட்ட பிறகு நீர் வரத்துக் குறைந்தது வேறொரு பெரும் காரணம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நல்ல நோக்கத்தோடு, அறிவாளிகளே எடுத்த முடிவு அது. எருமைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த உயிர்கள் போயிருக்குமா?

உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் கட்டளை

மேய்ச்சல் நிலத்தைப் பாதுகாப்பது நமது மார்க்க வரலாற்றுக்கும் புதியதல்ல. ஹிமா என்ற சொல்லை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். பொது நன்மைக்காக ஒதுக்கிக் காக்கப்படும் மேய்ச்சல் நிலம் அது. ஜாஹிலிய்யாக் காலத்தில் பலம் வாய்ந்தவர்கள் நல்ல புல் நிலத்தைத் தமக்கென்று வளைத்துக்கொள்வார்கள். இஸ்லாம் அந்தத் தனியுரிமையை ஒழித்து, ஹிமாவைப் பொது நலனுக்குரியதாக்கியது.

கலீபா உமர் (ரழி) அவர்கள் ஹுனைய் என்ற பணியாளரை ஹிமாவுக்குப் பொறுப்பாக்கியபோது கொடுத்த அறிவுரை புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இது: கொஞ்ச ஒட்டகமும் கொஞ்ச ஆடும் உள்ள ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தையை விடாதே. அவர்களுடைய கால்நடை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் பயிரும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலுக்கல்லவா வந்து நிற்பான்?

நிலத்துக்கு எல்லை உண்டு, மந்தைக்கு அளவு உண்டு, ஆனால் முதலிடம் ஏழைக்கு. பரத்பூரில் மறந்துபோனது இந்த மூன்றாவதுதான். அரபு நாடுகளில் பிற்காலத்திலும் வழங்கிய ஹிமாக்களில் சிலவற்றில் குறிப்பிட்ட பருவம் வரை மேய்ச்சலைத் தடுத்து, பிறகு திறந்து விடுவார்கள். சிலவற்றில் புல் அறுக்க மட்டும் அனுமதி. 2004 முதல் லெபனானில் ஊர்ச் சபைகளோடு சேர்ந்து, பறவைகள் தங்கும் இடங்களைக் காக்க இந்த ஹிமா முறைக்கே மீண்டும் உயிர் கொடுத்து வருகிறார்கள்.

நமக்கு என்ன?

ஐரோப்பாவின் ஏப்ரலும் ஜூனும் நமக்குப் பொருந்தாது. நமது மழையும் வெயிலும் வேறு, நமது புல்லும் பறவையும் வேறு. ஒரு ஹெக்டேயருக்கு ஒரு மாடு என்ற கணக்கையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் கேள்விகள் ஒன்றே. எத்தனை மாடு? எந்தக் காலம்? நீர் எவ்வளவு? அந்த நிலத்தில் கூடு வைப்பது எது?

இந்தக் கேள்விகளுக்கு உங்கள் ஊரில் பதில் தெரிந்தவர்கள் பட்டி மேய்ப்பவர்களும் பால் கறக்கும் பெண்களுமே. எந்த மாதத்தில் குளத்தின் உட்புறம் வெளிக்கிறது, எந்த இடத்தில் ஆட்காட்டி கத்துகிறது, எந்தப் புல்லை எருமை தொடுவதில்லை என்பதை அவர்களே அறிவார்கள். குளத்தைப் பற்றி, மேய்ச்சல் தரையைப் பற்றி ஊரில் கூட்டம் நடந்தால், அவர்களையும் அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆண்கள் போவதானால், நீங்கள் அறிந்ததைச் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டளவில் செய்யக் கூடியவையும் உண்டு. ஆட்காட்டி விடாமல் கத்துகிறதென்றால் அதன் கூடு பக்கத்திலே இருக்கிறது என்று பொருள். பிள்ளைகளைக் கல்லெறிய விடாமல், வந்த வழியே திரும்பச் சொல்லுங்கள். நாயைக் கட்டுங்கள். கட்டுக்கயிற்றில் மாட்டைக் கட்டுவதானால் முளையைப் பத்து யார் தள்ளி அடியுங்கள். நான்கு வாரப் பொறுமை. பிறகு அந்தக் குஞ்சுகள் தாமாக நடந்து போய்விடும்.

அந்தத் தயிர்க்கார ராத்தாவை மீண்டும் கண்டபோது இவ்வளவையும் சுருக்கிச் சொன்னேன். "எருமையை விடுவது பிழையல்ல. அளவில்லாமல் விடுவதும், முட்டை இருக்கும் இடத்தில் விடுவதும்தான் பிழை" என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எங்கட வாப்பா காலத்துல, ஆட்காட்டி கத்துற பக்கம் மாட்ட ஓட்டாத என்றுதான் சொல்லுவாரு மௌலவி. நாங்க அத மறந்து போனம்" என்றார்.

நான் தேடி வாசித்த அத்தனையும் அவருடைய வாப்பா சொன்ன அந்த ஒற்றை வரிக்குள் இருந்தது. நமது மூத்தோரிடம் இன்னும் எத்தனை வரிகள் இருக்கின்றனவோ? அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள், சகோதரிகளே. கேட்டதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.